கொண்டைக்குள் மூன்று முள்

அவர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது பன்னிரண்டாம் நம்பர் முள். ஹட்டன் பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நான் வேலை செய்கிறேன். ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இவற்றோடு ஒரு மூலையில் தூண்டில் சாமான்களும் உண்டு. அந்த மூலை என்னுடையது. அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். மூன்று கூட்டாளிகளோடு வந்து, கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "பெரிய மீனுக்கு வேணும். பன்னெண்டு குடு" என்றார்.

"பெரிய மீனுன்னா ஆறு எடுங்க. இதுல நம்பர் ஏற ஏற முள்ளு சிறுத்துக்கிட்டே போகும்" என்றேன்.

கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, பிறகு அவரும் சிரித்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் நினைத்த லட்சணம் அது. எட்டு மாதத்தில் கல்யாணம் ஆயிற்று. அதற்கு இரண்டு மாதம் கழித்து அதே கூட்டாளிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆற்றில் பிடித்த மீனைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பிடித்ததாக அவர் அளந்துகொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தபடியே திருத்தினேன். அவர்கள் படி இறங்கியதும் கன்னத்தில் அறை விழுந்தது. "கடையில வச்சும் இதேதான் செஞ்ச" என்றார். பத்து மாதம் ஒரு சிரிப்பை வயிற்றுக்குள் வைத்துப் பாதுகாத்த மனுஷனை என்னவென்று சொல்வது. எனக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பார்க்க ஒரு வளைந்த கம்பி. ஆனால் அதற்கு உடம்பு உண்டு. நூல் கட்டுகிற ஓட்டை, கண். கண்ணில் இருந்து இறங்குவது தண்டு. பிறகு வளைவு, பிறகு முனை. முனைக்குக் கொஞ்சம் கீழே, எதிர்ப்பக்கம் பார்த்துச் சாய்ந்தபடி ஒரு சின்னக் குத்து நிற்கும். அதுதான் எதிர்முள். முனையின் வேலை உள்ளே போவது. எதிர்முள்ளின் வேலை வெளியே வரவிடாமல் பிடித்து வைப்பது. இரண்டும் வெவ்வேறு வேலை. இதை எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். எனக்கு நானே விளக்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

எங்கள் கடைப் பெட்டியில் எல்லா ஜாதியும் கிடக்கும். தண்டு நீண்ட முள், மீன் தொண்டைவரை விழுங்கினாலும் பிடித்து உருவலாம். கண்ணே இல்லாமல் தலையைத் தட்டையாக அடித்த முள், அதற்கு நூலைச் சுற்றிக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். முனை உள்பக்கம் திரும்பிய வட்ட முள், கடற்பக்கத்தில் இருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் கேட்பார்கள். அதில் சுண்டி இழுக்கத் தேவையில்லை. மீன் திரும்பி ஓடும்போது தானாகவே கடைவாயில் மாட்டிக்கொள்ளும். இரும்பு வருவதற்கு முன்னால் எலும்பிலும் சிப்பியிலும் முள் செய்தார்கள் என்று முதலாளி சொல்வார். அதற்கும் முன்னால் வளைவே கிடையாதாம். இரண்டு பக்கமும் கூராக்கிய எலும்புத் துண்டின் நடுவில் நூலைக் கட்டி, இரைக்குள் மறைத்து வைப்பார்களாம். மீன் விழுங்கியதும் நூலை இழுத்தால் எலும்பு தொண்டையில் குறுக்கே நின்றுவிடும். மனுஷப் புத்தி வளைக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே குறுக்கே நிறுத்தக் கற்றிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் சட்டை ஊக்கை நெருப்பில் காட்டி வளைத்துத் தூண்டில் போட்டவர்கள் உண்டு. அதில் எதிர்முள் இருக்காது. நூல் ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் நழுவிவிடும். நுவரெலியாப் பக்கம் ஓடைகளில் டிரவுட் பிடிக்கப் போகிறவர்கள் நேர்மாறு. அந்த மீனையும் இறகு கட்டிய முள்ளையும் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரைமார் கொண்டு வந்தார்கள். இப்போது போகிறவர்கள் பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விடுகிற ஆட்கள். அவர்கள் வந்தால் முதலாளி கம்பிக் குறட்டை என் பக்கம் தள்ளுவார். "எதிர்முள்ள நசுக்கிக் குடு புள்ள. புடிக்கிறதும் இவுங்கதான், விடுறதும் இவுங்கதான்" என்பார். குறட்டால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், எதிர்முள் கம்பியோடு படிந்துவிடும். குத்தும், ஆனால் வந்த வழியே வந்துவிடும்.

கடைசியாக மூணுமுள். ஒரே தண்டில் மூன்று வளைவு, மூன்று முனை, மூன்று எதிர்முள். அவருக்குப் பிடித்தது அதுதான். இரை போடாமல், மீன் கூட்டமாக நிற்கிற இடத்தில் மூணுமுள்ளை வீசி, வெடுக்கென்று வெட்டி இழுப்பார். வயிற்றிலோ விலாவிலோ கண்ணிலோ எங்காவது ஏறும். என்னைக் கேட்டால் அது மீன்பிடியே இல்லை, வழிப்பறி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் மீன்களின் உடம்பில் ஊசி நூலால் தைக்க முடியாத கிழிசல் இருக்கும். பாதி மீன் உயிரோடு வரும். கல்லில் தலையை அடித்துக் கொல்வது என் வேலை. கையில் துள்ளும்போது, சீக்கிரம் செத்துப் போ என்று சொல்லிக்கொண்டே அடிப்பேன்.

இப்போது என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவர். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் விழும். கூடை நிறைய நிறையக் கயிறு அழுத்தும். அம்மாவுக்கு உச்சியில் நான்கு விரல் அகலத்துக்கு முடியே கிடையாது, தோல் பளபளவென்று இருக்கும். என் தலையில் அந்தக் கயிறு விழவே கூடாது என்பது அம்மாவின் ஒரே பிடிவாதம். அதனால்தான் படிப்பு முடிந்ததும் என்னைத் தோட்டத்தில் பேர் பதிய விடாமல் டவுன் கடைக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, என் முடியை இடுப்புக்குக் கீழே வளர்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பின்னலை அவிழ்த்துக் காட்டியதும் அம்மாதான். தன் தலையை முக்காடு போட்டு மறைத்துக்கொண்டு காட்டினார்.

அந்த முடிதான் அவருக்குக் கைப்பிடியாகப் போயிற்று. அறைவது குறைந்து, கொண்டையைப் பிடித்து இழுப்பது வழக்கமாயிற்று. பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் தினமும். பெட்ரோல் தாராளமாக வந்த பிறகும் தினமும். ஆக, பெட்ரோல் காரணம் இல்லை. கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதுவார். ஒரு தடவை பல் உடைந்தது. ஒரு தடவை அடுப்பு மேடை விளிம்பில் புருவம் பிளந்தது. "விடுங்க, விடுங்க" என்று நான் கத்துவது அடுத்த வீட்டுக் காம்பரா, அதற்கு அடுத்த காம்பரா என்று வரிசை முழுக்கக் கேட்கும். லயத்துச் சுவருக்குக் காது உண்டு, கால் கிடையாது. ஒருவரும் வரமாட்டார்கள். மறுநாள் குழாயடியில், "கல்லானாலும் கணவன்" என்று ஆரம்பிப்பார்கள். கல்லாக இருந்தால் பரவாயில்லை, கல் எழுந்து வந்து அடிக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் இழுத்த இழுப்பில் ஒரு கொத்து முடி தோலோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கையில் இருந்ததை உதறிவிட்டு வெளியே போய்விட்டார். நான் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். உச்சியில் இரத்தம் கசிய ஒரு வட்டம். அம்மாவுக்கு எந்த இடமோ அதே இடம். கயிறு முப்பத்திரண்டு வருஷம் எடுத்துச் செய்ததை இந்தக் கை நான்கு வருஷத்தில் செய்துவிட்டது. அன்றோடு எனக்குள் இருந்த 'அவர்' செத்துப் போனார். இனி அவன் என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்து வாங்குகிற பொருள்.

சனிக்கிழமை கடையில் இருந்து ஒரு மூணுமுள்ளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிறு காலை அவன் காசல்ரீக்குப் போன பிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கினால் மொட்டை, நகத்தைக் கவ்வினால் கூர். மூன்றும் கவ்வின. முடியை உருட்டிக் கொண்டை போட்டு, அடிமுடியில் தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூலால் தண்டைக் கட்டி, மூன்று முனையும் வெளியே பார்க்கிற மாதிரி மேல் சுற்று முடிக்குள் மறைத்தேன். மேலே வலை மாட்டினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் கணக்கு ரொம்ப எளிது. கொண்டையைப் பிடிப்பான், குத்தும், விட்டுவிடுவான். நெருப்பைத் தொட்ட கை மாதிரி ஒரு தரம் சுட்டால் அடுத்த தரம் வராது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என் தலையை விட்டு அந்தக் கை போக வேண்டும்.

மத்தியானம் ஒரு பெரிய கார்ப் மீனோடு வந்தான். தரையில் போட்டு, "கழுவி இப்பவே ஆக்கு" என்றான். வயிற்றில் முள் ஏறி, இழுத்த இழுப்பில் ஒரு சாண் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக முட்டை பிதுங்கித் தரையெல்லாம் மஞ்சள் மஞ்சளாகச் சிதறியது. மீனின் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு வாயை அடக்கத் தெரியாது, அது பிறவிக் குணம்.

"சினை மீன இப்புடியா வயித்துல கிழிச்சுக் கொண்டு வருவாங்க. வாயில முள்ள மாட்டிப் புடிக்கத் தெரியாதவங்க எதுக்குத் தூண்டில் தூக்கணும்" என்றேன்.

 இரண்டு எட்டு வைத்து வந்து, முழுக் கையையும் விரித்துக் கொண்டையைக் கவ்வி, வழக்கம்போல் வெடுக்கென்று இழுத்தான்.

அவன் போட்ட சத்தம் மிருகச் சத்தம். அதே நொடியில் என் உச்சியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இறக்கியது போல இருந்தது. அவன் இழுத்த வேகத்தில் மூணுமுள் கட்டோடு புரண்டு, இரண்டு முனை அவன் உள்ளங்கையிலும் மூன்றாவது என் தலைத் தோலிலும் ஏறிவிட்டது. அவன் கையை உதறினான். உதறிய உதறலில் என் தலை அவன் கையோடு போனது, நான் சுவரில் மோதினேன். இரத்தம் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணை மறைத்தது. மறுபடியும் உதறினான். எதிர்முள் இன்னும் ஆழமாகப் போனது, அவனுக்கும் எனக்கும். மீன் முட்டையில் கால் வழுக்கி இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

"விடுடி. விடுடி சனியனே" என்று கத்தினான்.

"நான் புடிக்கலங்க. நீங்கதான் புடிச்சிருக்கீங்க" என்றேன்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. முள்ளைக் கண்டுபிடித்தவன் மீனை விரட்டுவதற்காகவா கண்டுபிடித்தான். எட்டு வருஷம் முள் விற்ற கழுதை, பிடித்தால் விடாத சாமானை, விடுவிக்கும் என்று நம்பித் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்கள். நான் மண்ணோடு நிற்கவில்லை.

அன்றைக்கு மட்டும் சுவருக்குக் கால் முளைத்தது. கத்தியது அவன் அல்லவா. அடுத்த காம்பரா அக்கா ஓடி வந்தார். கையும் தலையும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இருங்க, புடுங்கிர்றேன்" என்று காலில் தைத்த முள்ளை எடுக்கிற மாதிரி வந்த வழியே இழுத்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து அலறினோம். நான்கு வருஷத்தில் நாங்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

"இழுக்காதீங்கக்கா. இழுத்தா சதையோட வரும். ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றேன்.

அவனுடைய ஓட்டோ வாசலில் நின்றது. ஒரு கை என் தலையில் இருக்க அவனால் எப்படி ஓட்ட முடியும். கூட்டாளிகளைக் கூப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றான். மானம். மானத்தைக் காப்பாற்ற பஸ்ஸில் போவது என்று முடிவாயிற்று. அக்கா என் தலையையும் அவன் கையையும் சேர்த்து ஒரு துவாயால் மூடிவிட்டார். லயத்து வரிசை முழுவதும் வாசலில் நிற்க, நான் குனிந்தபடி முன்னால், அவன் கையை என் தலைமேல் ஏந்தியபடி பின்னால், தேயிலைக்கு நடுவே ரோட்டுக்கு இறங்கினோம். நான் ஒரு அடி வேகமாக வைத்தால் அவன் உள்ளங்கை கிழியும். அவன் தயங்கினால் என் தோல் கிழியும். "மெதுவா போடி, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். அவன் கெஞ்சியதைக் கேட்டதும் எனக்கு மனசு இளகவில்லை. பாவம் என்றும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கத்தான் தோன்றியது. ஒரு இடத்தில் வேண்டுமென்றே வேகமாக வைத்தேன். எனக்கும்தான் வலித்தது.

பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். நான் ஜன்னலோரம், அவன் பக்கத்தில், அவன் கை என் தலைக்குப் பின்னால். "தல சுத்துதாம்மா" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டக்கூட முடியவில்லை. அவன்தான் ஆமாம் என்றான். அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இப்புடித் தாங்குற புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். துவாய்க்குள் இரத்தம் காது வழியாகக் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா இறங்கியதும் அவன் என் காதுக்குள் பேசினான். "மீன் புடிக்கப் போன எடத்துல தவறிப் பட்டிருச்சுன்னு சொல்றோம். வேற ஒரு வார்த்த வந்துச்சு, வீட்டுக்குப் போயி ஒன்னக் கொன்னுருவேன்."

கொல்வான் என்று எனக்குத் தெரியும். சும்மா மிரட்டவில்லை. முள் வைத்த பெண்சாதியை அவன் எப்படி விடுவான். புலி வாலைப் பிடித்தவனுக்காவது வாலை விட்டுவிட்டு ஓட ஒரு வழி இருக்கும். ஆஸ்பத்திரி இருக்கிற டிக்கோயா வருவதற்குள் நான் ஒன்று முடிவு செய்தாக வேண்டும். தவறிப் பட்டது என்று சொன்னால் இதே பஸ்ஸில் இவனோடு திரும்ப வேண்டும். உண்மையைச் சொன்னால் முள் வைத்தவள் நான். பொலிஸ் என்னைத்தான் முதலில் பிடித்தாலும் பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். 

ஆஸ்பத்திரியில் துவாயை எடுத்ததும் டொக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். சின்ன வயசு சிங்களப் பெண். பக்கத்தில் இருந்த தமிழ் நர்ஸ் கேட்டார், "கொண்டைக்குள்ள முள்ளு எப்புடி வந்துச்சு?"

"மீன் புடிக்கப் போனோம் மிஸ். வீசும்போது இவ தலையில மாட்டிக்கிச்சு. எடுக்கப் போயி என் கையிலயும்" என்றான் அவன். நல்ல பொய். பொருத்தமாகவே இருந்தது.

நர்ஸ் குனிந்து முடியை விலக்கிப் பார்த்தார். தங்கூசியால் நான் போட்ட கட்டு அப்படியே இருந்தது, மூன்று சுற்றும் இரண்டு முடிச்சும். அதன் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் காயம், பொருக்குத் தட்டிய வட்டம். அவர் நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நீங்க சொல்லுங்க" என்றார்.

அவன் விரல்கள் என் தலைமேல் இறுகின. இறுகியதால் அவனுக்குத்தான் வலித்தது. அந்த வலியில் அவன் மூச்சு இழுத்த சத்தம் என் காதில் விழுந்தது. இவ்வளவு வலியிலும் அந்தக் கை இறுக்கத்தான் பார்க்கிறது. அது போதும் எனக்கு.

"நான்தான் வச்சேன் மிஸ்."

"ஏன்?"

"இவரு புடிப்பாருன்னு."

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. பல், புருவம், சுவர், வெள்ளிக்கிழமை. நர்ஸ் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் டொக்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் நடுநடுவே "பொய் மிஸ், பைத்தியம் மிஸ்" என்றான். கையை எடுத்துக்கொண்டு ஓடவும் முடியவில்லை. நான் பேசி முடிக்கும்வரை முதன்முறையாக அவன் பக்கத்தில் இருந்து கேட்டான்.

முதலில் முடியை வெட்டினார்கள். கத்தரி அடிமுடியோடு போனது. இடுப்புவரை இருந்தது தரையில் விழுந்தது. அழக்கூடாது என்றுதான் இருந்தேன், அதற்கு மட்டும் அழுதேன். பிறகு அவன் உள்ளங்கையிலும் என் உச்சியிலும் மரக்க ஊசி போட்டார்கள். கம்பி வெட்டும் கட்டர் ஒன்றைத் தேடிக் கொண்டு வந்தார்கள். தண்டில் வைத்து வெட்டப் போனபோது நான் தடுத்தேன்.

"அங்க வெட்ட வராது மிஸ், மூணு கம்பியும் சேந்த எடம். ஒவ்வொரு வளைவா வெட்டச் சொல்லுங்க. மூணும் தனியாயிரும். பின்னால இழுக்காம முனைய முன்னால தள்ளி, தோலக் குத்திக்கிட்டு வெளிய எடுக்கணும்."

டொக்டர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். அவருக்கும் அது தெரிந்திருந்தது போல, ஆனால் மறுத்துப் பேசவில்லை. கட்டரின் முதல் நறுக்கில் அவன் கையும் என் தலையும் பிரிந்தன. நான் எட்டி உட்கார்ந்துகொண்டேன். அவன் உள்ளங்கையில் தோல் கூடாரம் மாதிரி எழும்பி, அதைக் கிழித்துக்கொண்டு முனை வெளியே வந்தது. ஊசி போட்டும் கத்தினான். நான் கண்ணை மூடவில்லை, இரண்டு முனையும் வரும்வரை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தே பொலிஸுக்குத் தகவல் போயிற்று. அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். குத்துவது மட்டும்தான் உங்கள் எண்ணம் என்றால், எதிர்முள்ளை நசுக்கியிருக்கலாமே, கடையில் அதைத்தானே செய்கிறீர்கள் என்று. கேட்டவருக்குத் தூண்டில் பழக்கம் இருந்திருக்க வேண்டும். "அவசரத்துல மறந்துட்டேன்" என்றேன். அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். அது பொய். ஞாயிறு காலை கண்ணாடிக்கு முன்னால் குறடும் இருந்தது. கையில் எடுத்தேன், முள்ளில் வைத்தேன். அந்தக் கை தோலோடு உதறிப் போட்ட என் முடி ஞாபகம் வந்தது. குறட்டைக் கீழே வைத்துவிட்டேன். விட்டுவிடுவான் என்று நம்பியதும் நிஜம், ஏறிக் கிழியட்டும் என்று நினைத்ததும் நிஜம். ஒரே தலைக்குள் இரண்டும் இருந்தன.

அன்றே அம்மாவிடம் போய்விட்டேன். அம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்தார், கட்டுப் போட்ட உச்சியைத் தொட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். தன் முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, வெறுந்தலையோடு போய் அடுப்பை மூட்டினார்.

மூன்று வாரம் கழித்து, பஜார் நிறைந்த ஒரு சனிக்கிழமை, அவன் கடைக்கு வந்தான். அதே கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றான். "கேஸ வாபஸ் வாங்கிட்டு வா, போவோம்" என்றான். பெட்டியில் மூணுமுள் வைக்கும் அறை திறந்து கிடந்தது, நான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னா நம்பர் வேணும்?" என்று கேட்டேன்.

பின்னால் நின்ற ஒரு வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். அவன் முகம் பழைய மாதிரி ஆனது, ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கை உயர்ந்தது. யோசித்து உயர்ந்த கை இல்லை, பழகிய கை. பெட்டியைத் தாண்டி என் தலைக்குப் பின்னால் நேராகக் கொண்டை இருந்த இடத்துக்குப் போய், விரல்கள் மூடின. அங்கே ஒன்றும் இல்லை. மூடிய விரல்கள் மறுபடியும் திறந்தன. உள்ளங்கையில் இரண்டு சிவப்பு வடு. அந்தக் கையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, காற்றிலேயே வைத்துக்கொண்டு நின்றான். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவன் கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

வழக்கு நடக்கிறது. மாதம் ஒரு தரம் கோர்ட்டுக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்பார். "இன்னும் எத்தன நாளைக்கிடி ஒட்ட வெட்டிக்கிட்டே இருப்ப. வளரட்டுமே" என்பார்.

"கேஸ் முடியட்டும்மா" என்பேன்.